பயிலரங்குக்குப் போகுமுன் ஊரைப் படியுங்கள்: திரியெஸ்தேயில் பதினைந்து நாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதத்தில், இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள திரியெஸ்தே நகரில் நடந்த நில அதிர்வியல் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிப்பவன். அழைப்புக் கடிதம் வந்த நாள்முதல் விமானம் ஏறும் நாள்வரை விரிவுரைப் பட்டியலை மனப்பாடம் ஆகும் அளவுக்குப் படித்தேன். அதில் கொடுத்திருந்த கட்டுரைகளையெல்லாம் அச்செடுத்து, கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி வைத்தேன். பயிலரங்கு நடக்கும் ஊரைப் பற்றி மட்டும் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. இத்தாலியில் ஒரு கடற்கரை ஊர், கடல் இருப்பதால் நம் ஊரைப் போலச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும் என்ற எண்ணத்தோடு புறப்பட்டுவிட்டேன்.

அந்த அலட்சியத்துக்கான விலையை முதல் நாளிலேயே கொடுத்தேன். வெனிஸ் விமான நிலையத்தில் இறங்கி, மெஸ்த்ரே நிலையத்தில் இரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் திரியெஸ்தே. அந்த வழியில் பலமுறை சென்றுவந்த என் ஆய்வு நெறியாளர், "தம்பி, வலப்பக்க சன்னலோரம் உட்காருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் பெட்டியை வைக்க இடம் கிடைத்த இடப்பக்கமே உட்கார்ந்தேன். மொன்ஃபால்கோனே ஊரைத் தாண்டியதும் எதிர்வரிசைப் பயணிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பினார்கள். அவர்களுடைய தோள்களுக்கு இடையே அட்ரியாட்டிக் கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. என் பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து நாளும் நான் தெரிந்துகொள்ளப் போகும் பாறை அதுதான் என்பதை அப்போது அறியவில்லை.

இரயில் நிலையத்திலிருந்து பயிலரங்கு நடக்கும் மிராமாரே பகுதிக்கு 6-ஆம் எண் பேருந்து செல்கிறது. சீட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும்; வாங்கினால் மட்டும் போதாது, வண்டியில் ஏறியதும் அங்குள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நடத்துநர் வந்து கிழித்துக் கொடுக்கும் சீட்டையே அறிந்தவனாகையால், சீட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பரிசோதகர் வந்தார். காசு கொடுத்து வாங்கிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அபராதமும் கட்டினேன். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, விதி சீட்டின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. பணத்தைவிட, இரண்டு பெட்டிகளோடு எல்லார் முன்னிலையிலும் நின்றது உறுத்தியது.

மூன்றாம் நாள் காற்று வந்தது. அந்த ஊரார் அதைப் போரா என்கிறார்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்தில் புயல் பார்த்து வளர்ந்தவன் நான்; ஆனால் நம் புயல் மேகத்தோடும் மழையோடும் முன்னறிவிப்போடும் வரும். போரா பளிச்சென்ற வெயிலில், நீல வானத்தின்கீழ் வந்தது. நகரின் பின்புறம் உள்ள மேட்டுநிலத்துக்கு அப்பால் தேங்கி நிற்கும் குளிர்ந்த, கனத்த காற்று, மலைத்தொடரின் தாழ்ந்த இடைவெளி வழியே வழிந்து, சரிவில் வேகமெடுத்துக் கடலில் விழுகிறது. அணையில் தேங்கிய நீர் மடை திறந்து பாய்வது போன்றதுதான் அதன் இயக்கம். வலுத்த நாள்களில் அதன் வீச்சுகள் மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. பிடித்துக்கொண்டு நடப்பதற்காகத் தெருவோரங்களில் கயிறு கட்டும் பழக்கம் அங்கு இருந்திருக்கிறது. வெயிலோடு வருவது வெளிச்சப் போரா, மேகத்தோடு வருவது இருட்டுப் போரா என்று ஊரார் பிரித்துச் சொல்கிறார்கள். நான் கொண்டுபோயிருந்தவை கம்பளிச் சட்டை ஒன்றும் குடை ஒன்றும். குடை விடுதி வாசலைத் தாண்டவில்லை. கம்பளிச் சட்டை குளிரைத் தாங்கும், காற்றை விட்டுவிடும். அங்கே வேண்டியது காற்றுப் புகாத மேல்சட்டையும் காதை மூடும் தொப்பியும்தான். அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையே அங்குப் போகிறவர்கள் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியவை இவை இரண்டே.

காற்றில் அடைபட்ட அந்த இரண்டு மாலைகளில்தான், விடுதியில் கிடைத்த வரலாற்று நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். அதன்பிறகு பயிலரங்கே எனக்கு வேறாகத் தோன்றியது.

1910-இல் திரியெஸ்தேயில் பிறந்த ஒருவர், வீட்டைவிட்டு எங்கும் நகராமலேயே எத்தனை ஆட்சிகளின்கீழ் வாழ்ந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பிறந்தபோது அவர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிமகன். நகரம் 1382 முதலே ஹாப்ஸ்பர்க் மரபின் பாதுகாப்பில் இருந்தது. அவருக்கு எட்டு வயதாகும்போது, 1918 நவம்பரில் இத்தாலியப் படை கப்பலில் வந்து இறங்கியது. 1943-இல் ஜெர்மானியர் ஆட்சி. 1945 மே மாதம் யூகோஸ்லாவியப் படை வந்து நாற்பது நாள் ஆண்டது. பின்னர் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகளின் நிருவாகம். 1947-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொறுப்பில் 'திரியெஸ்தே சுதந்திரப் பகுதி' என்ற பெயரில் ஒரு விந்தையான அரசு. 1954 அக்டோபரில் நகரம் மீண்டும் இத்தாலியிடம். எல்லைக்கோடு இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையிலான ஒசிமோ ஒப்பந்தத்தால் உறுதிப்பட்டபோது ஆண்டு 1975, அவருக்கு வயது அறுபத்தைந்து.

இத்தனை பேர் அந்த ஊருக்காகச் சண்டையிட்டதற்குக் காரணம் துறைமுகம். 1719-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் அதைத் தீர்வையில்லாத் துறைமுகமாக அறிவித்தார். அவருடைய மகள் மரியா தெரேசா காலத்தில், உப்பளங்களாக இருந்த நிலத்தில் கட்டம் கட்டமாகப் புது நகரம் எழுந்தது. கிரேக்கர், செர்பியர், யூதர், ஆர்மீனியர் என்று வணிகர் பலர் வந்து குடியேறித் தத்தம் கோயில்களைக் கட்டிக்கொண்டார்கள். 1857-இல் வியன்னாவிலிருந்து இரயில் பாதை வந்து சேர்ந்ததும், நடு ஐரோப்பா முழுமைக்கும் கடல்வாசல் இதுவேயாயிற்று. அந்தச் செழிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருபுறம் கடலுக்குத் திறந்து கிடக்கும் உனிதா சதுக்கத்தில் மாலை ஐந்து மணிக்குப் போய் நிற்க வேண்டும். ஆனால் அதே சதுக்கத்தில்தான் 1938 செப்டம்பர் 18 அன்று முசோலினி யூதர்களுக்கு எதிரான இனச்சட்டங்களை அறிவித்தார் என்பதையும் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும். நகரின் தென்புறத்தில் உமி நீக்கும் அரிசி ஆலையாக இருந்த சான் சப்பா, ஜெர்மானியர் காலத்தில் பிண எரியூட்டியுடன் கூடிய வதைமுகாமாக மாற்றப்பட்டது. இன்று அது தேசிய நினைவிடம். தஞ்சைப் பக்கத்து அரிசி ஆலைகளின் வாசனையில் வளர்ந்த எனக்கு, அங்கே சென்ற ஓய்வு நாள் பிற்பகலை மறக்க முடியவில்லை. அதைப் பற்றி இங்கே இதற்குமேல் எழுத மாட்டேன்.

இனி, எங்களை அங்கே கொண்டுவந்த நிறுவனத்தின் கதை. பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தை நிறுவிய பாகிஸ்தானிய இயற்பியலாளர் அப்துஸ் சலாம், கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1951-இல் லாகூருக்குத் திரும்பியவர். அங்கே தன் துறையைப் பற்றிப் பேசவும் ஆள் இல்லை, புதிய ஆய்விதழ்களும் கிடைக்கவில்லை. ஊரா, இயற்பியலா என்ற நிலை வந்தபோது 1954-இல் மீண்டும் இங்கிலாந்துக்குப் போனார். தன்னைப் போன்றவர்கள் ஊரை விட்டுவிடாமலேயே ஆண்டுதோறும் சில வாரங்கள் வந்து, படித்து, விவாதித்து, தெம்போடு திரும்பிச் செல்ல ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய கனவாயிற்று. 1960-இல் மிராமாரே பூங்காவில் உள்ள சிறு மாளிகையில் நடந்த துகள் இயற்பியல் கூட்டத்துக்கு அவர் வந்தபோது, அட்ரியாட்டிக் தீவு ஒன்றில் பிறந்தவரான இத்தாலிய இயற்பியலாளர் பாவோலோ புதினிச் அவரோடு கைகோத்தார். பன்னாட்டு அணுசக்தி முகமையின் பொதுக்கூட்டத்தில் சலாம் இத்திட்டத்தை முன்வைத்தபோது செல்வ நாடுகள் பல ஆர்வம் காட்டவில்லை. கோட்பாட்டு இயற்பியல் என்பது அறிவியலின் ரோல்ஸ் ராய்ஸ், வளரும் நாடுகளுக்கு மாட்டுவண்டி போதும் என்று ஒரு பிரதிநிதி சொன்னதாகச் சலாமே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இங்கேதான் ஊரின் வரலாறு குறுக்கே வருகிறது. ஸ்டெட்டின் முதல் திரியெஸ்தே வரை ஐரோப்பாவின் குறுக்கே, மேற்கையும் சோவியத் ஆதிக்கக் கிழக்கையும் பிரிக்கும் இரும்புத்திரை விழுந்துவிட்டதாக 1946-இல் சர்ச்சில் பேசினார். அந்தத் திரையின் தென்கோடி இவ்வூர். துறைமுகத்துக்குச் சரக்கு தந்த உள்நாட்டுப் பகுதிகளை இழந்து, கப்பல் வரத்துக் குறைந்து, நாட்டின் மூலையில் ஒதுங்கிப்போன நகரத்துக்கு ஒரு புதிய பிழைப்பு வேண்டியிருந்தது. இத்தாலிய அரசு நிலமும் கட்டடமும் பணமும் தர முன்வந்தது. 1964-இல் நகர நடுவில் ஒபெர்தான் சதுக்கத்தில் தொடங்கப்பட்ட மையம் 1968-இல் மிராமாரேயில் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. திரையின் ஓரத்தில் இருந்ததே அதற்குப் பலமாயிற்று: 1965-66-இல் அமெரிக்க, சோவியத் பிளாஸ்மா இயற்பியலாளர்கள் மாதக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தது அங்கேதான். சலாமுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1979-இல். அவர் மறைந்த மறு ஆண்டு, 1997-இல், மையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இதைப் படித்த பிறகு, உணவுக்கூடத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு நம் நாட்டவர் இருக்கும் மேசையைத் தேடிப்போகும் என் வழக்கத்தை நிறுத்தினேன். தனியாகக் கிடக்கும் ஆசிரியனுக்காகவே கட்டப்பட்ட இடத்தில், அறிந்தவர்களோடு மட்டும் பேசிவிட்டு வருவதில் பொருளில்லை. எத்தியோப்பியாவிலிருந்து வந்தவரிடமும் பெருவிலிருந்து வந்தவரிடமும் பேசியபோதுதான், ஒரே ஒரு பழைய அதிர்வுமானியை வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்ற என் சிக்கல் அவர்களுக்கும் இருப்பது தெரிந்தது. அவர்களுள் ஒருவர் விலை மலிந்த நில அதிர்வு உணரி ஒன்றைக் கணினியோடு இணைக்கும் முறையைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். அந்தக் காகிதம் இன்றும் எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. விரிவுரைகளில் எடுத்த குறிப்பேடுகளை, உண்மையைச் சொன்னால், அதன்பின் இரண்டு முறைதான் திறந்திருப்பேன்.

பயிலரங்கின் நடுவில் ஒரு நாள் பிற்பகல் எங்களைக் கார்ஸ்ட் மேட்டுநிலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். சுண்ணாம்புப் பாறை நிலத்தை மழைநீர் கரைத்துக் குழியும் குகையுமாக ஆக்கும் இயல்பை உலகெங்கும் நிலவியலார் கார்ஸ்ட் என்றே குறிக்கிறார்கள்; அந்தச் சொல் பிறந்த ஊர் இது. இங்கே ஆறுகள் நிலத்துக்கு மேலே ஓடுவது அரிது. ரேக்கா என்ற ஆறு இன்றைய ஸ்லோவேனியாவின் ஷ்கொத்சியன் குகைக்குள் நுழைந்து மறைந்து, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்கடியில் ஓடி, தீமாவோ என்ற பெயரில் கடலருகே ஊற்றாக வெளிப்படுகிறது. பெருகிவரும் நகரத்துக்குக் குடிநீர் தேடிய காலத்தில், அந்த மறைந்த ஆற்றைப் பிடிக்க முயன்றவர்கள் 1840-இல் கண்டதுதான் 'ஜிகாந்தே' எனும் பெருங்குகை. தண்ணீர் கிடைக்கவில்லை, குகை கிடைத்தது. ஐந்நூறு படி கீழே இறங்க வேண்டும். உள்ளே ஆண்டு முழுவதும் 11 பாகை வெப்பம். அதன் பெருங்கூடம் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அப்படியே உள்ளே நிறுத்தினாலும் மேலே இன்னும் பாதி உயரத்துக்கு இடமிருக்கும்.

அந்தக் கூடத்தின் தரையிலிருந்து கூரைவரை இரண்டு நீண்ட குழாய்கள் எழுகின்றன. அவற்றுக்குள் ஊசல்களின் கம்பிகள் தொங்குகின்றன. புவியளவையியலாளர் அந்தோனியோ மருஸ்ஸி 1959-இல் அங்கே நிறுவிய, கதவு போலக் கிடைமட்டமாக ஆடும் ஊசல்கள் அவை. மேல் தாங்குபுள்ளிக்கும் கீழ்த் தாங்குபுள்ளிக்கும் இடையே தொண்ணூற்றைந்து மீட்டர் இருப்பதால், ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ ஆறு நிமிடம் ஆகிறது. தரை ஒரு துளி சாய்ந்தாலும் அவை காட்டிக்கொடுத்துவிடும். அட்ரியாட்டிக் கடலின் ஓதம் கரையை அழுத்துவதையும், மழைக்காலத்தில் தீமாவோ வெள்ளம் பாறைக்குள் நிரம்புவதையும் அவை பதிவுசெய்கின்றன. நிறுவிய மறு ஆண்டே, 1960 மே மாதம், சிலியில் 9.5 அளவில், இதுவரை பதிவானவற்றுள் உலகின் மிகப்பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அடித்த மணி ஓசை ஓயாமல் அதிர்வதுபோலப் பூமி முழுவதும் அதிர்ந்ததை இந்த ஊசல்கள் பதிந்தன. அவ்வதிர்வுகளுள் மிக மெதுவானதற்கு ஒரு சுற்று ஏறத்தாழ 54 நிமிடம்.

"இதே ஊசல்கள் 2004 சுமத்திரா நிலநடுக்கத்தையும் பதிந்திருக்கின்றன" என்று வழிகாட்டி போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். நான் நகரவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. நம் நேரப்படி காலை 6.28 கடந்தபோது கடலடியில் பாறை முறிந்தது. அங்கிருந்து புறப்பட்ட முதல் அலை, பூமியின் உடலை ஊடுருவிக்கொண்டு திரியெஸ்தேயை அடையக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்த ஊரில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. குகை இருட்டில் இந்த ஊசல்கள் அசையத் தொடங்கியிருக்கும். எங்கள் கரையைத் தண்ணீர் தொட்டது அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகி. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுள் என்னிடம் படித்த மூவரும் உண்டு. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் அலைவேகங்களை நான் பல நூறு முறை கரும்பலகையில் கணக்கிட்டிருக்கிறேன். அந்த இரண்டு மணி நேர இடைவெளி எத்தனை நீளமானது என்பதை அந்தக் குழாயின் அடியில் நின்றபோதுதான் உணர்ந்தேன். இந்தியாவின் கடற்கோள் (சுனாமி) எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007-இல் இயங்கத் தொடங்கிவிட்டது. இனி அப்படி ஆகாது என்று மாணவர்களிடம் சொல்வதற்கு அது ஓர் ஆதாரம். ஆயினும் எச்சரிக்கை ஏன் வேண்டும் என்று கற்பிக்க, இந்த ஊசலின் கதையைவிடச் சிறந்த பாடம் எனக்கு அதன்பின் கிடைக்கவில்லை.

பயிலரங்குகளில் சுற்றுலா நாள் வந்தால், அறையில் தங்கிக் கட்டுரையைத் திருத்தலாம் என்று நினைக்கும் நண்பர்கள் பலர். நானும் அன்று அப்படித்தான் இருக்கப் பார்த்தேன்; பேருந்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று யாரோ கதவைத் தட்டியதால் போனேன். நிகழ்ச்சிநிரலில் 'களப்பயணம்' என்று ஒரு சொல் இருந்தால், எங்கே, எதைப் பார்க்க என்று அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும், படிகள் ஈரமாக வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறும்போது நின்று நின்று ஏறட்டும், ஐந்நூறு படியும் திரும்ப ஏறியாக வேண்டும்.

இரண்டாம் களப்பயணம் வடக்கே வென்சோனே என்ற சிற்றூருக்கு. திரியெஸ்தேயை உள்ளடக்கிய மாநிலத்தின் ஃபிரியூலி பகுதியில், ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கிறது அது. 1976 மே 6 இரவு ஒன்பது மணிக்கு 6.5 அளவிலான நிலநடுக்கம் அங்கே ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றது. வென்சோனேயின் பழைய பேராலயம் மே மாதத்தில் பிளந்து நின்றது. செப்டம்பரில் மீண்டும் வந்த அதிர்வுகளில் இடிந்து விழுந்தது. குளிர்காலத்தில் வீடிழந்தவர்களைக் கடற்கரைச் சுற்றுலா விடுதிகளில் தங்கவைத்தார்கள். பின்பு 'இருந்த இடத்தில், இருந்தபடியே' என்பதையும், 'முதலில் ஆலைகள், பிறகு வீடுகள், பிறகு கோயில்கள்' என்பதையும் கொள்கையாக வைத்து மக்கள் மறுகட்டுமானத்தைத் தொடங்கினார்கள். இடிபாட்டுக் கற்களை வயலில் பரப்பி, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, எண்ணிட்டு, பேராலயத்தை மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். சுவரில் பழைய கல்லும் புதிய கல்லும் சேரும் இடத்தை விரலால் தொட்டுப் பார்க்க முடிகிறது. ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றும் அந்த மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். மறுகட்டுமானச் சட்டத்தின் ஒரு பகுதியாகவே உதினே பல்கலைக்கழகம் 1978-இல் பிறந்தது. கடற்கோளுக்குப் பின் எங்கள் கரையில் மீனவர்களைக் கடலிலிருந்து தள்ளிக் குடியமர்த்தியபோது, வலை உலர்த்த இடம் எங்கே என்று கேட்டவர்களின் குரலை நான் கேட்டிருக்கிறேன். முதலில் தொழில், பிறகு வீடு என்ற அந்த வரிசையை அன்று குறிப்பேட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

கடைசி ஞாயிறன்று மிராமாரே கோட்டைக்குப் போனேன். பயிலரங்கு வளாகத்திலிருந்து நடந்தே போகலாம், கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் வெண்கல்லால் கட்டியது. ஹாப்ஸ்பர்க் இளவரசர் மாக்சிமிலியன் 1856-இல் கட்டத் தொடங்கினார். முழுதாக வாழ்ந்து பார்க்கவில்லை. 1864-இல் மெக்சிகோவின் பேரரசராக முடிசூட அங்கிருந்து 'நோவாரா' என்ற கப்பலில் புறப்பட்டார். 1867-இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே கப்பலில் உடலாகத் திரும்பினார். கோட்டையில் அவருடைய எழுத்தறையை நோவாராவின் அறையைப் போலவே, தாழ்ந்த மரக்கூரையோடு அமைத்திருக்கிறார்கள். அங்கே மாட்டியிருந்த விளக்கக் குறிப்பில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: மதராஸ். மாக்சிமிலியன் மெக்சிகோவுக்குப் போவதற்கு முன், அவருடைய ஆதரவில் 1857 ஏப்ரலில் திரியெஸ்தேயிலிருந்து அறிவியல் ஆய்வுக்காக உலகைச் சுற்றப் புறப்பட்ட நோவாரா, 1858 தொடக்கத்தில் இலங்கையையும் சென்னையையும் தொட்டு, நிக்கோபார் தீவுகளுக்குப் போயிருக்கிறது. அதில் சென்ற நிலவியலாளர் ஹோக்ஸ்டெட்டர், பத்தாண்டு கழித்து 1868-இல் பெருக் கரையை உலுக்கிய நிலநடுக்கத்தின் கடற்கோள் அலைகள் பசிபிக் பெருங்கடலைக் கடந்ததை ஆராய்ந்து எழுதியவர். நம் கரையில் இறங்கிப் போன ஒருவர் பின்னாளில் கடற்கோளை ஆராய்ந்தார் என்பது தற்செயல்தான். ஆனால் நாகையிலிருந்து போனவனுக்கு அது தற்செயலாகப் படவில்லை.

மேற்கே கொஞ்ச தூரத்தில் துயினோ. இயற்பியல் படித்தவர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் சற்று அமைதியாகிவிடுவார்கள். குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்த ஆஸ்திரிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மான் 1906 செப்டம்பர் 5 அன்று அங்கேதான் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கடலோரப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினோம். எங்களோடு வந்த எவரும் அதிகம் பேசவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டார் கோபிப்பார்கள். நான் சைவம். வளாக உணவகத்தில் தொல்லை இல்லை. நகரத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். 'யோத்தா' என்று ஒரு சூப்பு. பார்ப்பதற்கு நம் மொச்சைக் குழம்பு போல இருக்கும். புளிக்கவைத்த முட்டைக்கோசும் பீன்சும் என்று மட்டும் பட்டியலில் எழுதியிருந்தது. இரண்டு கரண்டி போன பிறகே புகைபோட்ட பன்றி இறைச்சி உள்ளே இருப்பது தெரிந்தது. "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் போதாது. பன்றியின் உப்புக்கண்டத்தை அவர்களுள் சிலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "பன்றியும் வேண்டாம், மீனும் வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அந்த மூன்று வாக்கியங்களையும் இத்தாலிய மொழியில் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகு பசியோடு திரும்பியதில்லை. காப்பி வேறு கதை. கடுங்காப்பி வேண்டுமானால் 'நேரோ', பால் நுரை சேர்த்த சிறு காப்பி வேண்டுமானால் 'காப்போ' என்று கேட்க வேண்டும். மற்ற இத்தாலிய நகரங்களில் கற்ற காப்பிப் பெயர்களை இங்கே சொன்னால் வேறொன்று வரும். துறைமுகத்தில் காப்பிக்கொட்டை இறங்கி முந்நூறு ஆண்டுப் பழக்கமுள்ள ஊர், தனக்கென்று சொல் வைத்திருக்கிறது. நம் டிகிரி காப்பிக்குப் பழகியவர்களுக்கு அளவு மட்டும் ஏமாற்றம் தரும்.

இன்னும் சில சிறு செய்திகள். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வந்த வாரமே விண்ணப்பியுங்கள். என் கடவுச்சீட்டு புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலைதான் கைக்கு வந்தது. முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். முதல் நாள் விரிவுரையில் நான் பாதி தூங்கினேன். அக்டோபர் இரண்டாம் ஞாயிறன்று வளைகுடாவில் 'பார்க்கொலானா' என்ற பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். 2018-இல் இரண்டாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் கலந்துகொண்ட போட்டி அது. அந்த வாரம் நகரில் தங்க அறை கிடைப்பது கடினம். வளாக விடுதியில் இடம் தரப்படாதவர்கள் மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும். ஸ்லோவேனிய எல்லை சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. 2007 டிசம்பரில் சோதனைச் சாவடி நீங்கினாலும், 2023-இல் இத்தாலி சோதனையை மீண்டும் கொண்டுவந்தது; கடவுச்சீட்டை விடுதியில் வைத்துவிட்டுக் கார்ஸ்ட் பக்கம் நடைபோகாதீர்கள். பாதை எந்தத் திருப்பத்தில் நாடு மாறுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

திரும்பும் இரயிலில் இடப்பக்கம் உட்கார்ந்தேன்; அப்போது கடல் அந்தப் பக்கம். சென்ற ஆண்டு எங்கள் துறையின் இளைய விரிவுரையாளர் ஒருவருக்கு அதே ஊரில் ஒரு பயிலரங்குக்கு அழைப்பு வந்தது. அங்கே வாங்கிய காற்றுப் புகாத மேல்சட்டையைக் கொடுத்து, "போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம் உட்காரும்மா" என்று சொல்லி அனுப்பினேன். போய்ச் சேர்ந்த இரவு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது: அந்தச் சட்டையின் உள்பையில் கிடந்த, முத்திரை பதிக்காத பழைய பேருந்துச் சீட்டு. "சார், இது இன்னும் செல்லுமா?" என்று கேட்டிருந்தார்.